விண்டோஸ் 10 முடிந்தபின்: வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியே பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். திருத்தம் நின்றதால் கணினி நின்றுவிடாது, பழையபடி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. 2018-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அப்படிக் கழியக்கூடிய கணினிகளே அதிகம் கண்ணில் படுகின்றன. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர் கீழக்கரைக்கோ பெரியபட்டினத்துக்கோ கொண்டுவந்தது, படகுக் கணக்கு எழுதவென்று தங்கச்சிமடத்தில் வாங்கிப் போட்ட டெஸ்க்டாப் எனப் பல வகை. இவற்றில் லினக்ஸ் போடலாமா, போட்டால் எது என்பதுதான் இப்போது பலருக்கும் குழப்பம். எந்தப் பெயர் நல்லது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, உங்கள் கணினியின் ராம் எவ்வளவு, அதோடு இணைந்திருக்கும் பிரிண்டர் எது என்று பார்ப்பது விரைவில் விடை தரும்.

## அடிப்படைச் சொற்கள்

லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் மட்டும்தான். செயலி, நினைவகம், வட்டு, வைஃபை ஆகியவற்றோடு நேரடியாகப் பேசும் அடித்தளப் பகுதி அது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். ஒரே நகலைத் தெரு முழுக்க எல்லாக் கணினியிலும் போட்டாலும் உரிமச் சிக்கல் கிடையாது.

அந்தக் கெர்னலோடு உலாவி, அலுவலக மென்பொருள், அமைப்புக் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவது டிஸ்ட்ரோ. டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாம் டிஸ்ட்ரோக்களின் பெயர்கள். உபுண்டு டெபியனிலிருந்து வந்தது, மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்த 'பாஸ்' கூட டெபியன் வழி வந்ததுதான். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

டெஸ்க்டாப் சூழல் என்பது திரையில் தெரியும் பட்டிகள், சன்னல்கள், பட்டியல்கள். ஒரே டிஸ்ட்ரோவே சினமன், எக்ஸ்எஃப்சிஇ எனப் பல சூழல்களில் கிடைக்கும். பழைய கணினி வேகமா மந்தமா என்பதில் டிஸ்ட்ரோவைவிட இந்தச் சூழலுக்கே பங்கு அதிகம்.

ஐஎஸ்ஓ என்பது டிஸ்ட்ரோ முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு. அதைப் பென் டிரைவில் எழுதி, கணினியின் வட்டில் எதையும் மாற்றாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்ப்பதை லைவ் முறை என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது இந்த லைவ் முறையைப் பற்றித்தான்.

## முதலில் கணினியைப் பாருங்கள்

1. செயலி 64 பிட்டா? விண்டோஸ் அமைப்புகளில் 'சிஸ்டம், அபவுட்' பகுதிக்குப் போனால் இரண்டு தகவல் இருக்கும்: இயங்குதளம் எத்தனை பிட், செயலி எத்தனை பிட். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதைப் பார்த்துக் கணினியே 32 பிட் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். செயலிக்கு நேரே 'எக்ஸ்64' என்று இருந்தால் 64 பிட் லினக்ஸ் தாராளமாக ஓடும்.

2. ராம் எவ்வளவு? 2 ஜிபியா, 4 ஜிபியா, 8 ஜிபியா என்பதைப் பொறுத்தே தேர்வு. பழைய லேப்டாப் பலவற்றில் இரண்டு ராம் பொருத்துமிடங்கள் இருக்கும், ஒன்று காலியாகக் கிடக்கும். டிடிஆர்3 ராம் பழைய சாமான் விற்கும் கணினிக் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் அடிப்பக்க மூடியைத் திறந்து, இருக்கும் சில்லில் 1.5 வோல்ட்டா 1.35 வோல்ட்டா என்று ஒட்டியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

3. தொடக்க முறை என்ன? பயாஸ் என்பது இயங்குதளம் எழுமுன் கணினியைத் தொடங்கிவைக்கும் அமைப்பு; யூஇஎஃப்ஐ அதன் புதிய முறை, லெகஸி பழைய முறை. 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் இரண்டில் ஒன்று இருக்கும். குறித்து வையுங்கள், நிறுவும்போது தேவைப்படும்.

4. பேட்டரி உப்பியிருக்கிறதா? அலமாரியில் பல மாதம் கிடந்த லேப்டாப்பில் டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி விலகியோ இருந்தால் மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாம்.

கடலோரத்துக்கென்றே இன்னொன்று உண்டு. உப்புக் காற்றில் ராம் சில்லின் பொன்னிற முனைகளில் படலம் படியும். இதன் அறிகுறிகள் மென்பொருள் கோளாறு போலவே தெரியும்: நிறுவல் பாதியில் நிற்கும், கோப்பு சிதைந்ததாகச் செய்தி வரும், ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் உறையும். இப்படி நடந்தால் டிஸ்ட்ரோவை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்து மாட்டுங்கள். பிறகு மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனையை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். பல ஐஎஸ்ஓக்களின் தொடக்கப் பட்டியலிலேயே அது இருக்கும்.

## எந்த டிஸ்ட்ரோ?

8 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் கவலையே வேண்டாம், எது பிடிக்கிறதோ அது. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் சினமன் அதிகம் உறுத்தாது.

4 ஜிபி என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. சினமனும் ஓடும், ஆனால் உலாவியில் ஐந்தாறு தாவல்கள் திறந்தவுடன் வித்தியாசம் தெரிந்துவிடும். மின்ட் குழுவே 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறது. எம்எக்ஸ் லினக்ஸும் இந்த வகைக் கணினிக்கு நல்ல தேர்வு.

2 ஜிபியில்தான் சிக்கல். லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்றவை அதில் நன்றாகவே எழுந்து நிற்கும், சுறுசுறுப்பாகவும் தெரியும். ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒன்றே பல நூறு எம்பி நினைவகம் கேட்கிறது. இயங்குதளம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் உலாவி இலகுவாகாது. யூடியூப் பார்ப்பதும் இணைய வகுப்பும்தான் நோக்கம் என்றால் முதலில் ராமைக் கூட்டுங்கள். கூட்ட வழியே இல்லையென்றால் 'இசட்ராம்' வசதியை இயக்குங்கள்; நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி வைத்து கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும்.

உண்மையான 32 பிட் செயலிகளுக்கு வாசல்கள் மூடிக்கொண்டே வருகின்றன. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் நிறுவியே இல்லை. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-இலேயே நின்றது, ஃபயர்ஃபாக்ஸ் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஆன்டிஎக்ஸ் போட்டுத் தட்டச்சுப் பழகவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கைத் திறக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கையில் 'எல்டிஎஸ்' எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். உபுண்டுவில் அது இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்தாண்டு திருத்தம் கிடைக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஆர்ச் போல ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரோக்கள் கைபேசி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

## பதிவிறக்கமும் பென் டிரைவும்

மின்ட் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 24.04 அதைப்போல இரு மடங்கு. நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி என்று வரம்புள்ள கைபேசித் திட்டத்தில் இது ஒரே நாளில் முடியாது. அதனால் கோப்பைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் டாரன்ட் வழியாக இறக்குங்கள். அறுந்த இடத்திலிருந்து மறுநாள் தொடரும், வந்த துண்டு ஒவ்வொன்றையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். நேரடியாக இறக்கியிருந்தால், கோப்பு பிசகின்றி வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 குறியீட்டைச் சரிபார்க்க வேண்டும். 7-ஜிப் நிறுவிய விண்டோஸில் கோப்பின்மேல் வலது கிளிக் செய்தால் அந்தக் கணக்கீட்டுக்கான பட்டியல் இருக்கும். வரும் நீளமான எண்ணெழுத்து வரிசை டிஸ்ட்ரோவின் தளத்தில் உள்ளதோடு ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

ஒரு டிஸ்ட்ரோவுக்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும். இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்க்க 16 அல்லது 32 ஜிபியில் வென்டாய் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகலெடுத்துப் போட்டாலே போதும், தொடக்கத்தில் எது வேண்டுமென்று கேட்கும். ஒன்றை மட்டும் எழுத ரூஃபஸ் நல்லது. இரண்டுமே பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிடும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் '64 ஜிபி' பென் டிரைவ்கள் சில உள்ளே 8 ஜிபி மட்டுமே கொண்ட போலிகள். எழுதும்போது பிழை காட்டாது, படிக்கும்போதுதான் கோப்பு உடைந்திருப்பது தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு கருவியால் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிட்டுத் தொடங்கினால் அரைநாள் மிச்சம்.

## லைவ் முறையில் சோதிப்பது

கணினியை இயக்கியதும் தொடக்கப் பட்டியலுக்கான விசையை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். லெனோவா, டெல் இரண்டிலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் அது அணைக்கப்பட்டே வரும், எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு'வை முதலில் இயக்க வேண்டும். பட்டியலில் பென் டிரைவ் இருமுறை தெரிந்தால், விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையிலுள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள்.

கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டுமா? உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோராவுக்குத் தேவையில்லை. சில சிறிய டிஸ்ட்ரோக்களுக்குத் தேவை. வென்டாய் முதல்முறை ஒரு சாவியைப் பதியச் சொல்லும். ஒரு முன்னெச்சரிக்கை: விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கை வைத்தபின் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

திரை வந்துவிட்டதா? உடனே 'நிறுவு' சின்னத்தைச் சொடுக்க வேண்டாம். கீழ்க்காண்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. வைஃபை. பட்டியலில் உங்கள் வீட்டு இணைப்பு தெரியாவிட்டால் பெரும்பாலும் பிராட்காம் சில்லாக இருக்கும். கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் 'டெதரிங்' போடுங்கள், லினக்ஸ் அதைத் தானே கண்டுகொள்ளும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' உரிய இயக்கியை, அதாவது அந்தச் சில்லை இயக்கும் மென்பொருளை, இறக்கும். இன்னொரு வகைக் கோளாறு: ரியல்டெக் 8723பிஇ சில்லுள்ள ஹெச்பி லேப்டாப்களில் இணைப்பு தெரியும், சிக்னல் மட்டும் ரவுட்டர் பக்கத்திலேயே இரண்டு கோடுதான் காட்டும். ஆன்டெனா ஒன்றுதான் மாட்டியிருக்கும். இயக்கி அது இல்லாத பக்கம் தேடிக்கொண்டிருக்கும். இயக்கியின் அமைப்பில் ஆன்டெனா தேர்வு எண்ணை 1 அல்லது 2 என்று மாற்றினால் சரியாகும்.

2. ஒலி, கேமரா, மைக். துபாயிலோ தோஹாவிலோ இருப்பவரோடு பேசத்தான் கணினி என்றால் இதுவே முதல் சோதனை. கூகுள் மீட்டில் ஒரு சோதனை அழைப்பு போதும்.

3. மூடியை மூடித் திறத்தல். தூங்கி எழும்போது திரை கறுப்பாகவே இருந்தால் கிராஃபிக்ஸ் இயக்கியில் கோளாறு. பழைய என்விடியா சில்லுகளில் இது அதிகம்.

4. முழுத்திரையில் ஒரு காணொளி. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மென்பொருள் திறக்க நேரமாகும், அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள். திறந்தபின் காணொளி தடங்கலின்றி ஓடுகிறதா என்பதே கணக்கு.

5. வட்டின் ஆரோக்கியம். 'டிஸ்க்ஸ்' கருவியில், வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைத் திறந்து, 'ரீஅலகேட்டட்', 'பெண்டிங்' என்ற இரு வரிகளைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்து, அது கூடிக்கொண்டும் போனால் ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கிறது. விண்டோஸ் மந்தமானதற்கே பல வீடுகளில் இதுதான் காரணம். 240 அல்லது 256 ஜிபி கொண்ட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை அதே இடத்தில் பொருத்தலாம். இயங்குதளத்தை மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தைவிட இதனால் கிடைப்பது பல மடங்கு.

6. பிரிண்டர். இதற்குத் தனியாகவே பேச வேண்டும்.

## பிரிண்டர், விரல்ரேகைக் கருவி, டேலி

ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் பரவலாக உள்ள கேனான் எல்பிபி 2900 லினக்ஸோடு ஒத்துப்போகாது. அது 'கேப்ட்' என்ற கேனானின் தனி மொழியில் பேசுகிறது. அதற்கான லினக்ஸ் இயக்கி பழையது, புதிய பதிப்புகளில் தடுமாறும். ஹெச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 போன்றவை ஓடும். ஆனால் ஹெச்பிலிப் கருவி வழியே கூடுதல் பிளக்-இன் ஒன்றை இணையத்திலிருந்து ஒருமுறை இறக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அச்சு வரிசையில் நிற்கும், தாள் வராது. எப்சன் எல் வரிசை மைத்தொட்டி பிரிண்டர்கள் பொதுவாகத் தொல்லை தராதவை.

இ-சேவை மையம், ஆதார் வழிப் பணம் எடுக்கும் சேவை நடத்துவோர் அந்தக் கணினியில் கை வைக்க வேண்டாம். விரல்ரேகைக் கருவிகளுக்கான பதிவு மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் என்றே தரப்படுகிறது. டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளும் விண்டோஸுக்கானது. வைன் என்ற இடைமென்பொருளில் சிலர் ஓட்டுகிறார்கள் என்றாலும் கடைக்கணக்கை அதை நம்பி விடுவது சரியல்ல. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோக்களுக்கு ஃபோட்டோஷாப் இல்லாமல் ஆகாது. கிம்ப் நல்ல மென்பொருள்தான், ஆனால் வாங்கி வைத்திருக்கும் ஆல்பம் வார்ப்புருக்கள் அதில் அப்படியே திறக்காது.

மற்றபடி ஜிஎஸ்டி தளத்தில் ஓடிபி வழித் தாக்கல், ரயில் முன்பதிவு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் உலாவிக்குள் நடப்பவை; இயங்குதளம் மாறியதே தெரியாது. எக்செல்லில் எழுதிய படகுப் பங்குக் கணக்கு லிப்ரேஆபிஸில் திறக்கும். மேக்ரோ எழுதி வைத்திருந்தால் மட்டும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். விசைப்படகுக் கணக்கு எழுதுவோர் மாறுவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே வசதி. அன்றாட வரவு செலவு குறைவாக இருப்பதால் ஏதாவது தவறினாலும் தேட நேரம் இருக்கும்.

## தமிழில் தட்டச்சு

யூனிகோட் தமிழைப் படிக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை, எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தட்டச்சுக்கு 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலியியல் எல்லாம் உள்ளீட்டுப் பட்டியலில் வரும். வெளியேறாமலே தேடினால் பட்டியலில் இருக்காது. நிறுவல் தோற்றுவிட்டதென்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் வேறு கதை. அவை யூனிகோட் அல்ல. எழுத்துருக் கோப்பு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஆவணங்களை எழுத்துரு மாற்றிக் கருவி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

## நிறுவும்போது தவறக்கூடியவை

லைவ் சோதனை திருப்தியாக இருந்தால் அடுத்தது நிறுவல். படங்கள், சான்றிதழ்கள், வீட்டுப் பத்திர நகல்கள் எல்லாம் வெளி வட்டு ஒன்றில் இருக்கிறதா, அங்கிருந்து திறக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் முதலில் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அது விண்டோஸை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. லினக்ஸ் அந்த வட்டில் எழுத மறுக்கும். பிட்லாக்கர் இருந்தால் அதையும் விலக்கிவிடுங்கள். பிறகு விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' கொண்டே சி பகுதியைச் சுருக்கி 50 ஜிபி காலி இடம் உண்டாக்குங்கள். நிறுவியில் 'விண்டோஸோடு சேர்த்து' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வட்டை அழி' என்பது முழு வட்டையும் குறிக்கும், டி பகுதியில் இருந்த கல்யாண வீடியோ உட்பட.

'சேர்த்து' என்ற வாய்ப்பே வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பென் டிரைவ் லெகஸியிலும் விண்டோஸ் யூஇஎஃப்ஐயிலும் இருக்கலாம். மறுதொடக்கம் செய்து சரியான வரியைத் தேர்ந்தெடுங்கள். அல்லது வட்டே தெரியாது. பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருப்பதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸை முதலில் சேஃப் மோடுக்குப் போகும்படி அமைத்துவிட்டு அதை மாற்றுங்கள். நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும்.

பகுதிகளைச் சுருக்கும்போதும் நகர்த்தும்போதும் மின்சாரம் போனால் அதுதான் மோசம். சாதாரணப் பயன்பாட்டில் எக்ஸ்ட்4 கோப்பு முறை திடீர் மின்வெட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பகுதி மாற்றம் பாதியில் நின்றால் அது மீட்காது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இரண்டு இயங்குதளமும் வந்தபின், விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது. லினக்ஸில் 'உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தில்' என்று ஒருமுறை அமைத்தால் தீரும். ஐந்தரை மணி நேரமாக இல்லாமல் பல ஆண்டு பின்னே போய், உலாவி எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுத்தால் அது வேறு கோளாறு. மதர்போர்டிலுள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்பில் மூடியைத் திறந்து நீங்களே மாற்றலாம். லேப்டாப் சிலவற்றில் கம்பியோடு ஒட்டிய வடிவில் இருக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.